இடைவெளி ஆபீஸ், அருப்புக்கோட்டை ரோடு

மதுரைக்காரன் கடலைப் பார்க்க வேண்டுமானால் தொண்டிக்கோ ராமேஸ்வரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். அதனால்தானோ என்னவோ, கடலுக்கு மேலே பறக்கிற விமானங்களைக் கவனிக்கும் ஆபீஸைக் கொண்டுவந்து மதுரையில் வைத்தார்கள். அருப்புக்கோட்டை ரோட்டில், கருவேலங்காட்டுக்கு நடுவே, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த கட்டடம். வாசலில் ‘மாக்கடல் வான்வெளி இடைவெளிக் காப்பகம்’ என்று பலகை. கொல்லையில் ஆறு உயரமான கம்பங்கள், அவற்றுக்கு இடையே கம்பிகள். அந்தக் கம்பிதான் மழையை விரட்டுகிறது என்று பக்கத்து ஊரில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் கலெக்டருக்கு மனுக் கொடுத்தார்கள். மனு சுற்றிச் சுற்றி இந்த ஆபீசுக்கே வந்து சேர்ந்தது. ‘மழைக்கும் எமக்கும் போதிய இடைவெளி உண்டு’ என்று பதில் போனது.

ஏன் கடற்கரையில் வைக்கவில்லை என்று யாரோ ஒரு பத்திரிகைக்காரர் கேட்டாராம். உப்புக்காற்றில் பீரோக்கள் துருப்பிடிக்கும் என்று சொன்னார்களாம். பீரோக்கள் இன்றுவரை துருப்பிடிக்கவில்லை, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இந்த ஆபீசுக்குத்தான் எண்பத்து மூன்றாம் வருஷம் தவசி வேலைக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் சிம்மக்கல்லில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பராக இருந்தவர். உசிலம்பட்டி வண்டி கிளம்பிப் பத்து நிமிஷம் ஆன பிறகுதான் தேனி வண்டிக்கு விசில் ஊதுவார். பின்னால் போகிற டிரைவர் வேகக்காரன் என்று தெரிந்தால் பத்தைப் பதினெட்டு ஆக்குவார். முடிந்தால் அவனையே முன்னால் அனுப்பிவிடுவார். இல்லையென்றால் செக்கானூரணிக்குள்ளேயே பத்து நிமிஷ இடைவெளி கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகி, இரண்டு வண்டியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடும். அப்படி ஓடிய இரண்டு வண்டிகளிலிருந்து பதினோரு பேரைத் தூக்கி ஒரு புளியமரத்தடியில் வரிசையாகப் போட்டிருந்ததைத் தவசி தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

கம்பெனியை இழுத்து மூடியபோது, வேலைவாய்ப்பு ஆபீசில் ‘நேரக் காப்பில் அனுபவம்’ என்று எழுதிவைத்துவிட்டு வந்தார். அதைப் பார்த்து இவர்கள் கூப்பிட்டார்கள். பதவிக்குப் பெயர், சீட்டு ஏந்தல், இரண்டாம் நிலை, தற்காலிகம்.

முதல் நாள் காலை பத்து மணிக்கு எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு வாசலில் போய் நின்றார். வாட்ச்மேன் பேயாண்டி கையை நீட்டி மறித்தான்.

“எங்கண்ணே போறீக? உங்க நேரம் பதினோரு மணி.”

“ஆபீஸ் பத்து மணிக்குத்தானப்பா?”

“ஆபீஸ் பத்து மணிக்குத்தான். ஆளு பதினஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணுதான் உள்ள விடணும். நீங்க அஞ்சாவது. அந்தக் கருவேல நெழல்ல உக்காருங்க. தள்ளித் தள்ளி உக்காருங்க, கும்பலா உக்காந்தா பேர எழுதிருவாக.”

மொத்தம் இருபத்து நாலு பேர். முதல் ஆள் பத்துக்கு நுழைந்தால் கடைசி ஆள் நுழைய மூன்றே முக்கால் ஆகும். அவர் வந்து நாற்காலியைத் துடைத்து உட்காருவதற்கும், முதலில் வந்தவர் வெளியேற வாசலுக்குப் போவதற்கும் சரியாக இருக்கும். ரேடியோ அறைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அங்கே சுப்பராமன் எட்டு மணிக்கே வந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இயக்குநர் கைலாசநாதன் தவசியை வரவேற்றுப் பேசினார். நல்ல உயரம், தும்பைப்பூப் போல நரைத்த தலை. குரலில் ஒரு கனிவு இருந்தது. அந்தக் கனிவுதான் தவசியைப் பின்னால் அதிகம் பயமுறுத்தியது.

“தவசி, நம் தத்துவம் எளிமையானது. கடலுக்கு மேலே நமக்குக் கண் கிடையாது. கரையைத் தாண்டிய விமானம் எந்தத் திரையிலும் தெரியாது. ஆகவே கடிகாரத்தை நம்புகிறோம். ஒன்று கரை முடிகிற கடல்வாயிலில் நுழைந்து பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அதே மட்டத்தில் அடுத்தது நுழையலாம். மட்டம் வேறாக இருந்தால், அதாவது ஒன்று மேலே ஒன்று கீழே என்றால், உடனே நுழையலாம். இவ்வளவுதான். விமானங்கள் கடைப்பிடிக்க வேண்டுமென்று சொல்லுகிற விதியை நாமே கடைப்பிடிக்காவிட்டால் அது அறமாகுமா?”

“ஆகாது சார்.” தவசிக்குப் பழைய தொழில் புத்தி விடவில்லை. “உள்ள நுழையறப்பப் பதினஞ்சு நிமிசம் சரி. நுழைஞ்சப்புறம் முன்னால போறது மெதுவாயிட்டா? பின்னால வர்றது எட்டிப் பிடிச்சிருமே சார்?”

“நுழைந்த பிறகு அது கடலின் பொறுப்பு.” இயக்குநர் சிரித்தார். “வாசலில் பலகையைப் படித்தீரா? இடைவெளிக் காப்பகம். விமானக் காப்பகம் என்று எழுதவில்லையே.”

அறம் என்று சொன்னதை அந்த ஆபீஸ் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே உயரமுள்ள நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசக்கூடாது, அது சமமட்ட மோதல். பேசியே தீர வேண்டுமென்றால் ஒருவர் உயர வேண்டும். சீட்டு எழுதுகிற ஸ்யாமளா எல்லாரோடும் பேச வேண்டியிருந்ததால் அவர் நாற்காலிக்குத் தச்சனைக் கூப்பிட்டு இரண்டடிக் கால் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாள் கால் தரையில் படாமல் நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தார். மாலையில் வீக்கம் வடிய வெந்நீரில் காலை வைப்பாராம்.

எல்லாவற்றுக்கும் மேலே தாள் விதி. ரேடியோவில் விமானி சொல்வதைச் சுப்பராமன் மஞ்சள் தாளில் எழுதிச் சுவரிலிருந்த பொந்து வழியாக நீட்டுவார். தவசி அதை வாங்கி ஸ்யாமளாவிடம் கொடுப்பார். ஸ்யாமளா விமானத்துக்கு ஒரு சீட்டு எழுதி மரச்சட்டத்தில் செருகிவிட்டு, தாளை இயக்குநரின் தட்டுக்கு அனுப்புவார். ஒரு தாள் இயக்குநரின் மேசையைத் தொட்டுப் பதினைந்து நிமிஷம் ஆன பிறகே அடுத்த தாள் தொடலாம். நடுக்கடல் அவசரமானாலும் சரி, பினாயில் வாங்குகிற விண்ணப்பமானாலும் சரி, வரிசை வரிசைதான். இயக்குநர் கையெழுத்துப் போட்ட பிறகே சுப்பராமன் பதிலைச் சொல்லலாம். இரண்டு விமானிகள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதுகூட இடைவெளிக் குறைவு என்று ஆளுக்கொரு அலைவரிசை கொடுத்திருந்தார்கள். இப்படிப் பத்து வருஷமாக ஒரு இடைவெளித் தவறும் நடக்காத ஆபீஸ் என்று டெல்லியிலிருந்து கேடயம் வந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

மரச்சட்டத்தைத் துடைக்கிற வேலையும் தவசியுடையது. விமானம் கடலைக் கடந்து மறுகரைக்காரர்கள் ‘வெளியேறிவிட்டது’ என்று தாள் அனுப்பினால் அதன் சீட்டை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் துடைக்கும்போது சட்டத்தின் அடியில் ஒரு சீட்டு கையில் தட்டுப்பட்டது. பழுப்பேறி, ஓரம் சுருண்டிருந்தது. நுழைந்த நேரம் எழுதியிருந்தது. வெளியேறிய நேரம் எழுதவில்லை.

“இது என்னம்மா, எடுக்காம விட்டிருக்காக?”

ஸ்யாமளா மேலேயிருந்து குனிந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வெளியேறின தாள் வரல. தாள் வராம எடுக்கக் கூடாது.”

“எப்ப நுழைஞ்சதும்மா?”

“நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தி. அதைப் பத்திக் கேக்காதீங்க தவசி. துடைச்சுட்டு அப்படியே வச்சிருங்க.”

தவசி துடைத்து அப்படியே வைத்துவிட்டார். அன்று மதியம் கொண்டுவந்த புளிச்சோற்றைப் பேயாண்டியிடம் கொடுத்துவிட்டார்.

தவசிக்கு ஒரே மகள், தங்கப்பொண்ணு. நர்ஸ் படிப்பு முடித்து, மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பழங்காநத்தத்தில் அவர்கள் குடியிருந்த காம்பவுண்டே வந்து அவள் டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை காலை மெட்ராசிலிருந்து கிளம்புகிற விமானம். எண் எழுநூற்று நாற்பத்தொன்று. அந்த எண்ணைத் தவசி இன்னொரு தரம் படித்தார். வாரா வாரம் வெள்ளிக்கிழமை அவர் ஏந்துகிற சீட்டுதான் அது.

“மகள் போறது நம்ம ஆபீஸ் வழியாவா? அப்பக் கவலையே இல்ல, நீங்கதான் இருக்கீகளே,” என்றாள் மனைவி பாண்டியம்மாள்.

அந்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தவசி உள்ளே நுழைந்தபோது சட்டத்தில் இரண்டு சீட்டுகள் அடுத்தடுத்து இருந்தன. ‘சரக்கு முப்பத்தாறு’, முப்பத்து மூவாயிரம் அடி, நுழைந்தது பத்தே முக்கால். அதற்குக் கீழே எழுநூற்று நாற்பத்தொன்று, அதே முப்பத்து மூவாயிரம், நுழைந்தது பதினொன்று. இரண்டுக்கும் அனுமதி முதல் நாளே கையெழுத்தாகியிருந்தது. பதினைந்து நிமிஷம், நூல் பிடித்த மாதிரி.

பதினொன்று பத்துக்குப் பொந்தில் மஞ்சள் தாள் நீண்டது. தவசி வாங்கிப் படித்தார். சரக்கு விமானத்தின் ஓர் எஞ்சின் சூடாகிறதாம், வேகத்தைக் குறைக்கிறதாம், நிமிஷத்துக்கு எட்டு மைலில் போனது இனி ஆறரைதான் போகுமாம். அதே மட்டத்தில் தொடர அனுமதி கேட்டிருந்தார் விமானி.

தவசிக்குக் காகிதம், பென்சில் தேவைப்படவில்லை. இப்போது நடுவே நூற்றிருபது மைல். நிமிஷத்துக்கு ஒன்றரை மைல் தேய்கிறது. எண்பது நிமிஷம். பன்னிரண்டரைக்கு இரண்டு விமானமும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் இருக்கும். அந்த இடத்தில் கரை கிடையாது.

ஓடினார். ஓடுவதும் அங்கே குற்றம்தான்.

“அம்மா, இந்தத் தாள உடனே சார்கிட்ட அனுப்புங்க.”

ஸ்யாமளா வாங்கிப் படித்தார். அவர் முகமும் வெளுத்தது. ஆனால் கை வழக்கம்போலத் தட்டுக்குப் போய் வரிசையை எண்ணியது. “முன்னால எட்டுத் தாள் இருக்கு தவசி. இது போய்ச் சேர ஒண்ணேகால் ஆகும்.”

“பன்னெண்டரைக்கு முட்டிரும்மா! பின்னால வர்ற பிளேன்ல என் மக இருக்கா.”

“என் நாற்காலிக்குக் கால் இன்னும் உயர்த்தினாலும் நான் வரிசையை மாத்த முடியாது. மாத்தினா கேடயம் போயிடும்னு சொல்வாங்க. நீங்களே போய்ச் சொல்லிப் பாருங்க.”

எட்டுத் தாளில் முதல் தாள் அப்போதுதான் மேசையைத் தொட்டிருந்தது. தோட்டக்காரனுக்கு ஒரு மண்வெட்டி. இயக்குநர் அதைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மீதிப் பதினொரு நிமிஷத்தை அவர் இப்படித்தான் கழிப்பார். வாசலில் நின்றபடியே தவசி எல்லாவற்றையும் சொன்னார். மகள் பெயரையும் சொன்னார்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார்.

“உம் கவலை எனக்குப் புரிகிறது. நானும் பிள்ளை குட்டிக்காரன்தான். ஆனால் யோசித்துப் பாரும். இன்று உம் மகளுக்காக ஒரு தாள் முந்தினால், நாளை இன்னொருவர் மகனுக்காக இன்னொரு தாள் முந்தும். இரண்டு தாள்கள் ஒரே மேசையில் மோதும். மோதலைத் தடுப்பதற்கென்றே அரசாங்கம் நடத்துகிற ஆபீசில் மோதல் என்றால் நாளைக்கு மக்கள் யாரை நம்புவார்கள்?”

“பிளேன் மோதப்போகுது சார்! தாள் மோதுனா என்ன சார்?”

“விமானம் மோதினால் அது விபத்து. தாள் மோதினால் அது முறைகேடு. விபத்துக்கு விசாரணை மட்டும்தான் உண்டு. முறைகேட்டுக்குப் பென்ஷன் போய்விடும்.” கடிகாரத்தைப் பார்த்தார். “நீர் என் வாசலில் ஆறு நிமிடமாக நிற்கிறீர். அடுத்தவர் நிற்க வேண்டிய நேரம்.”

பதினொன்றே முக்கால். தவசி ரேடியோ அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. சுப்பராமன் ஹெட்போனோடு திரும்பிப் பார்த்தார். சோளம் பொரிகிற மாதிரி ரேடியோவில் சத்தம், அதற்கு நடுவே எங்கோ ஒரு மனிதக் குரல்.

“அவுகதான சார்? எழுநூத்தி நாப்பத்தொண்ணுதான?”

“ஆமா. காத்து நல்லாயிருக்கு, சாப்பாடு குடுக்கப் போறோம்னு சொல்றார்.”

“முன்னால ஒண்ணு மெதுவாப் போகுதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். கால்ல வேணாலும் விழுறேன்.”

சுப்பராமன் கண்ணில் நீர் கட்டிவிட்டது. உண்மையாகவே கட்டியது. ஆனால் மைக்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். “எழுத்துல வராம ஒரு வார்த்த சொன்னேன்னா என் கதை முடிஞ்சுது தவசி. எனக்கும் மூணு பொண்ணு. அந்தத் தாளை எழுதினப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன். எழுதறதுதான் என் வேலை.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியைக் காணோம், பூசாரிகள் மட்டும் இருபத்து நாலு பேர் இருந்தார்கள். தவசி வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்தார். தட்டைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு நாலாவது தாள் மேசைக்குப் போனது, ஒரு கிளார்க்கின் காது குத்து லீவு. ஸ்யாமளா தன் நாற்காலியில் இருந்தபடியே இயக்குநரிடம் எதையோ கேட்டுப் பதில் வாங்குவது தெரிந்தது. அந்த அம்மாள் எந்த நேரத்திலும் இயக்குநரோடு பேசலாம், நாற்காலி உயரம் வேறு.

மட்டம் வேறாக இருந்தால் உடனே நுழையலாம்.

மஞ்சள் தாளைத் தட்டிலிருந்து உருவிக்கொண்டு தவசி இயக்குநர் அறைக்குள் பாய்ந்தார். மூலையில் இருந்த ஸ்டூலில் ஏறினார். அதிலிருந்து ஜன்னல் திண்டு. அதிலிருந்து இரும்பு பீரோ. பீரோ உச்சியில் உத்தரத்தில் தலை இடிக்கக் குந்தி உட்கார்ந்து, தாளைக் கூரையோடு சேர்த்துப் பிடித்தார். துருப்பிடிக்காத பீரோ என்பதால் கனத்தைத் தாங்கியது.

“சார்! இந்தத் தாள் ஒம்பதடி ஒசரத்துல வருது! மேசையில இருக்குற தாள் ரெண்டரை அடியில இருக்கு! மட்டம் வேற சார், உடனே நுழையலாம்னு நீங்கதான சொன்னீக!”

இயக்குநர் அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பத்து வருஷமாக எந்தப் பையனும் கேட்காத ஒரு கேள்வி காதில் விழுந்த வாத்தியாருக்கு வருகிற மாதிரி ஒரு பூரிப்பு வந்தது. விதிப் புத்தகத்தை எடுத்தார். முதல் பாகத்தைப் பார்த்தார். இரண்டாம் பாகத்தைப் பார்த்தார். சுவரில் பன்னிரண்டு பதினான்கு, பன்னிரண்டு பதினாறு என்று முள் நகர்ந்தது.

“அற்புதம்,” என்றார் இயக்குநர். “தடை ஏதுமில்லை. ஆனால் அது கீழே இறங்கினால் மட்டம் மாறிவிடும். நான்தான் மேலே வரவேண்டும்.”

அறுபதை நெருங்கும் மனிதர் ஸ்டூலில் ஏறி, ஜன்னல் திண்டில் ஒரு காலை வைத்து, தவசி நீட்டிய தாளில், தவசியின் முழங்காலையே பலகையாக வைத்துக் கையெழுத்துப் போட்டார். பின்னால் வருவதை முப்பத்தைந்தாயிரத்துக்கு ஏற்றுக என்று எழுதினார். யோசிக்கவேயில்லை, ஒரே மூச்சில் எழுதினார். தவசி பீரோவிலிருந்து குதித்ததில் கணுக்கால் பிசகியது. அந்தக் காலோடு ஓடிப்போய்ப் பொந்தில் தாளைத் திணித்தபோது மணி பன்னிரண்டு இருபத்திரண்டு.

சுப்பராமன் அழுதுகொண்டே மைக்கில் படித்தார். எழுநூற்று நாற்பத்தொன்று கேட்கவில்லை. மறுபடி படித்தார். மூன்றாம் தடவைதான் பதில் வந்தது, ஏறுகிறோம் என்று. பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குச் சரக்கு விமானம் தன் அலைவரிசையில் ஒரு செய்தி சொன்னது. சுப்பராமன் அதையும் மஞ்சள் தாளில் எழுதிப் பொந்தில் நீட்டினார். ‘எங்கள் தலைக்கு மேலே ஏதோ ஒன்று கடந்தது. விமானி அறை ஒரு கணம் இருட்டானது. அது என்ன?’

அந்தத் தாள் வரிசையில் ஒன்பதாவதாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மணிக்கு மேல் இயக்குநர் அதைப் படித்து, ‘பார்த்தேன்’ என்று எழுதினார்.

விசாரணைக்கு டெல்லியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருவராக உள்ளே நுழைந்தார்கள். தவசியை நடுவே நிற்கவைத்துக் கேட்டார்கள், பீரோவின் உயரம் என்ன, இவர் குந்தியிருந்தபோது தலை எத்தனை அடியில் இருந்தது, இயக்குநரின் தலை எத்தனை அடியில் இருந்தது. டேப்பு வைத்து அளந்தார்கள்.

“அந்தப் பிளேன்ல நூத்தி எம்பது பேரு இருந்தாகய்யா. அதையும் எழுதிக்கங்க.”

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். “விமானத்தில் இருந்தவர்கள் இந்தக் குழுவின் வரம்புக்குள் வரவில்லை.”

அறிக்கை வந்தது. காப்பகத்தில் அன்று எந்த இடைவெளித் தவறும் நடக்கவில்லை. தாள்கள் எல்லாம் முறையாகவே சென்றன. ஆனால் இரண்டாம் நிலை ஊழியர் ஒருவர் இயக்குநரின் தலைமட்டத்துக்கு மேலே இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தது கவலைக்குரியது. இதற்கு இடம் கொடுத்த ஓட்டை உடனே அடைக்கப்பட வேண்டும். ஓட்டையிலும் விதியைக் கைவிடாத இயக்குநர் பாராட்டுக்குரியவர்.

தச்சன் சின்னான் ரம்பத்தோடு வந்தான். மூன்று நாள் அறுத்தான். மேசை, நாற்காலி, ஸ்டூல், ஸ்யாமளாவின் இரண்டடிக் கால் எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்தன. பீரோக்களைப் படுக்கவைத்தார்கள். ஆபீசில் இனி இருப்பது ஒரே மட்டம். ஒரே மட்டத்தில் இத்தனை பேர் இருப்பதால் பதினைந்து நிமிஷம் போதாதென்று தாளுக்குத் தாள் அரை மணி என்று சுற்றறிக்கை வந்தது. ரேடியோ அறைக் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துக் கட்டினார்கள். சுப்பராமன் இனிக் கொல்லைப்பக்கமாகத்தான் உள்ளே போக வேண்டும். தவசிக்கு ஓர் இன்கிரிமென்ட் வெட்டு, கணுக்காலுக்கு லீவு கிடையாது.

மகளிடமிருந்து கடிதம் வந்திருந்தது. சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தாளாம். நடுவழியில் விமானம் திடீரென்று மேலே ஏறியதாம். ஜன்னலோரம் இருந்தவர்கள் கீழே இன்னொரு விமானம் பக்கத்திலேயே போவதைப் பார்த்தார்களாம், அதன் முதுகில் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்ததாம். ‘எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தோம்ப்பா, அம்புட்டு அழகா இருந்துச்சு’ என்று எழுதியிருந்தாள். தவசி கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொல்லையில் போய் வாந்தி எடுத்தார்.

எட்டு மாசம் போனது. கைலாசநாதனுக்கு டெல்லிக்குப் பதவி உயர்வு வந்தது, நாட்டின் எல்லாக் கடல்களுக்கும் அவர்தான் இனி. அதிகாலை வைகை எக்ஸ்பிரசில் மெட்ராஸ் போய், அங்கிருந்து டெல்லி ரயில். பெட்டி தூக்கத் தவசியை வரச்சொல்லியிருந்தார்கள்.

பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தவசி ஜன்னலோரம் நின்றார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“உங்க பதவிக்குப் பிளேன் டிக்கெட்டே குடுப்பாகளே சார். ரெண்டு நாள் ரயில்ல போறீகளே?”

கைலாசநாதன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். அதே கனிவான குரல்தான்.

“முப்பது வருஷ சர்வீஸ் தவசி. நான் ஒருதரம்கூட விமானத்தில் ஏறியதில்லை. என் பெண்டாட்டி பிள்ளைகளையும் ஏற்றியதில்லை. யார் யார் இடைவெளி பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமே.” ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். “உம் மகள் அங்கேதானே இருக்கிறாள்?”

“லீவுல வாரா சார். வர்ற பதினாலாந்தேதி வெள்ளிக்கிழமை.”

வண்டி அசைந்தது. கைலாசநாதன் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டித் தவசியின் தோளைத் தொட்டார். “கப்பலில் வரச் சொல்லும்,” என்றார்.

தவசி ஸ்டேஷனிலிருந்து நேரே தந்தி ஆபீசுக்குப் போனார். திறக்கிறவரை படியில் உட்கார்ந்திருந்து, முதல் ஆளாக உள்ளே போய், மஸ்கட்டுக்குத் தந்தி என்று சொல்லி, ‘பிளேனில் வராதே, கப்பலில் வா’ என்று எழுதி நீட்டினார். கவுண்ட்டரில் இருந்தவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அங்கருந்து ஆளேத்துற கப்பல் இப்ப ஏதுண்ணே? அதெல்லாம் நிப்பாட்டியாச்சு. எல்லாரும் பிளேன்லதான் வாராக. பயப்படாதீக, அதெல்லாம் பாத்துக்கறதுக்குன்னே ஆபீஸ் வச்சிருக்காகல்ல?”

தவசி தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவருடைய நுழைவு நேரத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அருப்புக்கோட்டை ரோட்டில் நடந்தார். பதினாலாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.